இறங்காத நுரை

தங்கச் சுரங்கத்தை மூடி, ஆள் இறக்கும் கூண்டுகளை மேலே ஏற்றிப் பூட்டி, பம்புகளை நிறுத்தி, பூமிக்கடியில் எங்கள் பாட்டன்மார் வெட்டிய தெருக்களிலெல்லாம் தண்ணீர் ஏற விட்ட பிறகும், மத்தியானம் இரண்டு மணி ஷிஃப்டுச் சங்கு எங்கள் காதுகளில் தவறாமல் ஊதிக்கொண்டுதான் இருந்தது. சங்கை ஊதிய இயந்திரத்தைப் பழைய இரும்புக்காரன் லாரியில் ஏற்றிப் போனதை எல்லோரும் கண்ணால் பார்த்திருந்தோம். ஆனாலும் இரண்டு மணியானால் கம்பெனி வரிசையாகக் கட்டிக்கொடுத்த லைன் வீடுகளில் பெண்கள் அடுப்பைத் தணித்தார்கள், நாய்கள் எழுந்து நின்றன, சீட்டு விளையாடிக்கொண்டிருந்த கிழவர்கள் கையிலிருந்த சீட்டைக் கவிழ்த்துவிட்டு ஒரு நொடி சும்மா இருந்தார்கள், பிறகு ஆட்டம் தொடர்ந்தது. இதை யாரும் அதிசயம் என்று சொன்னதில்லை. கம்பெனி எங்களிடமிருந்து நுரையீரலை எடுத்துக்கொண்டு சங்கைக் கொடுத்திருந்தது, கொடுத்ததைத் திரும்பக் கேட்க அதற்கு முகமில்லை என்றுதான் நாங்கள் நினைத்துக்கொண்டோம்.

அந்தச் சங்கை நம்பித்தான் சவரிராயன் ஒவ்வொரு வருஷமும் கிறிஸ்துமஸுக்கு பீர் காய்ச்சினான். அவனுடைய அப்பா வெள்ளைக்காரர்களின் கிளப்பில் சமையலறை ஆள். அங்கே கற்ற வேலையை மகனுக்குச் சொல்லிக் கொடுத்தார், கூடவே அந்த வேலையைப் பற்றி ஓயாமல் பீற்றிக்கொள்ளும் குணத்தையும் கொடுத்துவிட்டுப் போனார். முளைகட்டிக் காயவைத்த பார்லியை இடித்து, வெந்நீரில் ஊறவைத்து, இனிப்பெல்லாம் தண்ணீரில் இறங்கியதும் வடிகட்டி, அந்தத் தண்ணீரைப் பெரிய அண்டாவில் ஊற்றிக் கொதிக்கவைப்பான். தலைநகரில் ஒரு பீர்க்கடையில் தரை துடைக்கப் போகும் அவன் மகள் ரெஜினா வாங்கி வரும் ஹாப்ஸ் என்கிற காய்ந்த பச்சைப் பூவை, இரண்டு மணிச் சங்கு காதில் விழுந்ததும் ஒரு படி அள்ளிப் போடுவான். அது ஒரு மணி நேரம் கொதிக்க வேண்டும், அப்போதுதான் கசப்பு தண்ணீரில் ஏறும். இறக்குவதற்கு முன் வாசனைக்கு ஒரு பிடி. கொதிக்கக் கொதிக்க வாசனை ஓடிவிடும், கொதிக்காவிட்டால் கசப்பு வராது, ஆகையால் எல்லாம் நேரத்தில்தான் இருக்கிறது என்று போகிறவர் வருகிறவரையெல்லாம் நிறுத்திச் சொல்வான். கடிகாரம் வைத்துக்கொள்ளேன் என்றால், சுரங்கத்துக்காரனுக்குக் கடிகாரம் எதற்கு என்பான். அவன் ஒரு நாளும் சுரங்கத்துக்குள் இறங்கியவன் அல்ல.

அந்த வருஷம் கார்த்திகையில் அண்டா கொதித்தது, சவரிராயன் பூவை மடியில் வைத்துக்கொண்டு சங்குக்காகக் காத்திருந்தான். சங்கு வரவில்லை. இன்னும் நேரமாகவில்லை போலிருக்கிறது என்று விறகைத் தள்ளினான். வெயில் சாய்ந்தது. கிளறினான், காத்தான், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வீட்டுக்கு வந்துவிட்டார்கள், விடியற்காலை ரயிலில் தலைநகருக்கு வேலைக்குப் போனவர்கள்கூடத் திரும்பத் தொடங்கினார்கள், விறகும் தீர்ந்தது. பக்கத்து வீட்டில் கேட்டபோது, ஆமாம், இன்றைக்கு எங்களுக்கும் கேட்கவில்லை என்றார்கள். அடுத்த லைனிலும் அதற்கடுத்த லைனிலும் யாருக்கும் கேட்டிருக்கவில்லை. அன்றோடு நின்றது, பிறகு வரவேயில்லை. சவரிராயன் என்ன செய்வதென்று தெரியாமல், மடியிலிருந்த பூ முழுவதையும் நெருப்பில்லாத அண்டாவில் ஒரேயடியாகக் கொட்டி, மூடி வைத்துவிட்டு, வீட்டுக்குள் போய்ப் படுத்துக்கொண்டான்.

ஆறியதை ஈஸ்ட் போட்டுப் புளிக்கவைத்து, புட்டிகளில் அடைத்து, யூனியன் ஆபீசில் கொண்டுவந்து வைத்தான். கருங்கல் சுவர் என்பதால் லைன்களிலேயே குளிர்ச்சியான இடம் அதுதான். யூனியன் என்று அப்போது ஒன்றுமில்லை. தலைவர்களில் பாதிப் பேர் கம்பெனியிடம் வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள், மீதிப் பேர் வாங்காமலே போய்ச் சேர்ந்துவிட்டார்கள். கொடிக்கம்பமும், வாசலில் தியாகிகள் தூணும், பழைய துண்டுப் பிரசுரக் கட்டுகளும், சாவியும் என்னிடம் இருந்தன. அந்தப் பிரசுரங்களில்தான் நான் எழுத்துக்கூட்டிப் படிக்கக் கற்றேன், ஆகையால் கறையான் தின்னாமல் தட்டிவைப்பது என் வேலையாயிற்று.

கிறிஸ்துமஸ் மத்தியானம் முதல் புட்டியைத் திறந்தார்கள். நுரை கிளாசின் விளிம்புக்கு மேல் ஏறித் தடித்து நின்றது. சவரிராயன் வழக்கம்போல, எங்கப்பா அற்புதராயன் இருந்திருந்தால் என்று பீற்ற ஆரம்பித்தான். அந்தப் பெயர் வாயைவிட்டு வந்ததும், ஷிஃப்டு முடிந்து வந்த ஆள் உட்காரும்போது விடுகிற மூச்சைப் போல ஒரு சத்தத்தோடு நுரை இறங்கியது. வெள்ளிக் கரண்டி துடைக்கிற பொடியும் கஞ்சி போட்ட உடுப்பும் எலுமிச்சைத் தோலும் கலந்த ஒரு வாசனை எழுந்ததாம். மற்றவர்களுக்கு எதுவும் வரவில்லை. சவரிராயன் கிளாசைக் கீழே வைத்துவிட்டு, அப்பா வந்திருக்கிறார் என்று சொல்லி, ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டான்.

பிறகு ஒவ்வொருவராகச் செய்து பார்த்தார்கள். நுரையின் மேல் குனிந்து தன் செத்தவர் பெயரைச் சொன்னால் நுரை இறங்கும், அவருடைய வாசனை எழும், சொன்னவருக்கு மட்டும். குடித்துப் பார்த்தவர்கள் முகத்தைச் சுளித்தார்கள். கசப்பு என்பது பேருக்குக்கூட இல்லை, சர்க்கரை போட்ட பார்லிக் கஞ்சி மாதிரி இருக்கிறது, இதைக் காய்ச்சினவனைச் சும்மா விடக்கூடாது என்றார்கள். சவரிராயனுக்கு அதுதான் அவமானமாக இருந்தது. செத்தவர்கள் வந்துபோவதைப் பற்றி அவனுக்கு ஒன்றுமில்லை. நேரம் தப்பிவிட்டது, அடுத்த தடவை பாருங்கள் என்று எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தான்.

லைன்களுக்குச் செய்தி பரவியது. கூட்டம் சேர்ந்தால் ஒழுங்கு வேண்டுமே, அதற்கு எங்களுக்குப் பயிற்சி உண்டு. பாறை வெடித்துச் செத்தவர்களின் வீட்டார் காலையில், சுரங்கத் தூசி நுரையீரலில் ஏறிச் செத்தவர்களின் வீட்டார் மத்தியானம், மற்றச் சாவுகள் சாயங்காலம் என்று பிரித்தோம். ஒரு வீட்டுக்கு ஒரு கிளாஸ். யாரைக் கூப்பிடுவது என்று வீட்டிலேயே பேசித் தீர்த்துவிட்டு வர வேண்டும், ஆபீசில் சண்டை கூடாது. ஆனாலும் சண்டை வந்தது. அண்ணனும் தம்பியும் அம்மாவைக் கூப்பிடுவதா அப்பாவைக் கூப்பிடுவதா என்று வாசலிலேயே மல்லுக்கு நின்றார்கள், அதற்குள் அவர்களுடைய சின்ன அத்தை உள்ளே போய், இருபது வயதில் செத்துப்போன, சொந்தக்காரன் அல்லாத ஒருவன் பெயரைச் சொல்லி மோந்து பார்த்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்துவிட்டாள். சர்ச் ஐயர் இது பிசாசின் வேலை என்று பிரசங்கம் செய்தார். மாரியம்மன் கோயில் பூசாரியும் அதையேதான் சொன்னார். இரண்டு பேரும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போனது எங்கள் ஊரில் அதுதான் முதல் தடவை. இரண்டு பேரும் அடுத்தடுத்த நாளில் யாரும் இல்லாத நேரம் பார்த்து வந்து, ஐயர் தன் மனைவியையும் பூசாரி தன் தங்கையையும் கூப்பிட்டுவிட்டுப் போனார்கள். கள்ளச் சாராயம் என்று மனு போய், விசாரிக்க வந்த அதிகாரி ஒரு கிளாசை முகத்தருகே கொண்டுபோய் ஏதோ ஒரு செல்லப் பெயரைச் சொன்னார், பிறகு இது வெறும் பார்லித் தண்ணீர் என்று எழுதிக்கொண்டு தொப்பியை மறந்துவிட்டுப் போனார்.

நான் மோந்து பார்க்கவில்லை. என் செத்தவர்கள் தூணில் இருக்கிறார்கள், அவர்கள் எல்லோருக்கும் பொது, ஒருத்தன் மூக்குக்கு மட்டும் வருகிறவர்கள் அல்ல என்றேன். “பயமா, தோழரே?” என்று சவரிராயன் கேட்டான். நான் பிரசுரக் கட்டுகளைத் தட்டிவைக்கப் போனேன்.

விஷயம் வேறு பக்கம் திரும்பியது சிங்காரம் என்கிற வம்புக்காரனால். அவன் தன் வீட்டுக் கிளாசை வாங்கிக்கொண்டு, மச்சானோடு இருந்த தகராறில், உயிரோடு பக்கத்து லைனில் இருக்கும் மச்சான் பெயரை அதில் சொன்னான். நுரை சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி நின்றது. ஊதிப் பார்த்தான், தட்டிப் பார்த்தான், ஜன்னலில் வைத்துவிட்டுப் போய் மறுநாள் வந்து பார்த்தான், அதற்கடுத்த வாரமும் பார்த்தான். இறங்கவில்லை. “சனியன் சாக மாட்டேங்குறான்” என்று சொல்லிச் சாக்கடையில் கொட்டினான். எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியதும் அங்கிருந்த அத்தனை பேரும் ஒரே நேரத்தில் நாலாம் லைனின் கடைசி வீட்டை நினைத்துக்கொண்டார்கள்.

அது பூங்காவனத்தின் வீடு. அவளுடைய புருஷன் தயாளன் சுரங்கத்துக்குள் மரத்தூண் நிறுத்துகிற வேலைக்காரன், நல்ல தோள், குறைவான பேச்சு. மூடக்கூடாது என்று நாங்கள் தலைநகருக்கு ஊர்வலம் போன அன்று அவனும் மத்தியானச் சோற்றைத் தூக்குப்பாத்திரத்தில் எடுத்துக்கொண்டு விடியற்காலை ரயிலில் ஏறினான். அங்கே தடியடி நடந்தது, கூட்டம் சிதறியது, சாயங்கால ரயிலில் தலையிலும் கையிலும் கட்டுப்போட்டுக்கொண்டு எல்லோரும் திரும்பி வந்தோம், தயாளன் வரவில்லை. ஆஸ்பத்திரிகளில் தேடினோம், பிணவறையில் தேடினோம், அங்கே இல்லையென்றால் எங்கே புதைத்தார்கள் என்று கேட்டு மறியல் செய்தோம். பதில் வராத கேள்விக்கு நாங்களே பதில் எழுதினோம். தூணில் அவன் பெயரைச் செதுக்கினோம், ஒவ்வொரு சித்திரையிலும் அந்தப் பெயருக்கு முன்னால் கொடி ஏற்றினோம், நான் பேசினேன். பூங்காவனம் ஒரு வருஷமும் அந்தப் பக்கம் வந்ததில்லை. அவள் பொட்டை அழிக்கவில்லை, தாலியைக் கழற்றவில்லை, கண்ணாடி வளையல் உடைந்தால் அன்றே வேறு வாங்கிப் போட்டுக்கொண்டாள். லைனில் யாரும் அவளை அதற்காக ஒரு வார்த்தை சொன்னதில்லை. அவள் வீட்டுக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தார்கள், ரேஷன் கடையில் அவளுக்கு முன்வரிசை விட்டார்கள், கல்யாணத்துக்குக் கூப்பிடவும் செய்தார்கள். திருப்பத்தூரில் இருந்த அவளுடைய தம்பி ஒவ்வொரு பொங்கலுக்கும் வந்து, என்னோடு வந்துவிடு அக்கா, இங்கே யார் இருக்கிறார்கள் என்று கெஞ்சுவான். அவர் வந்தால் வீடு பூட்டியிருக்குமே என்பாள். வேறு எதுவும் சொல்ல மாட்டாள்.

சிங்காரத்தின் கிளாசுக்குப் பிறகு லைன் பெண்கள் பேசிக்கொண்டார்கள். அவளிடம் போய்ச் சொல்லலாம், சொல்லக்கூடாது என்று இரண்டு கட்சியானார்கள். சொன்னாலும் சொல்லாவிட்டாலும் அவளுக்குத் தெரிந்துதான் இருந்தது, ஏனென்றால் அந்த நாட்களில் அவள் ஆபீஸ் இருக்கும் தெருவையே விட்டுவிட்டு, தங்கம் பிரித்த பிறகு கம்பெனி கொட்டிவிட்டுப் போன சயனைடு மண்மேட்டைச் சுற்றிக்கொண்டு கடைக்குப் போனாள். புட்டிகள் குறைந்துகொண்டே வந்தன. சவரிராயன் தை மாதத்திலும் மாசியிலும் வேண்டுமென்றே பூவைக் கடைசியில் போட்டு மறுபடி இரண்டு அண்டா காய்ச்சினான். அவை கசப்பில்லாத வெறும் பீராகத்தான் வந்தன, பெயர் சொன்னால் ஒன்றுமில்லை. தெரிந்து செய்கிற தப்பில் அது வருவதில்லை என்று அவன் சொன்னான். பங்குனியில் ஒரே ஒரு புட்டி மிஞ்சியது. யாரும் கூட்டம் போட்டுத் தீர்மானிக்கவில்லை, ஆனால் அதை யாரும் கேட்கவுமில்லை. வாசலில் மல்லுக்கு நின்று கிளாசை அத்தையிடம் விட்ட அந்த அண்ணனும் தம்பியும்கூடக் கேட்கவில்லை. வெயில் ஏறினால் புட்டியில் காற்று போய்விடும், நுரை எழும்பாது என்று சவரிராயன் மட்டும் கவலைப்பட்டான்.

ஒரு மத்தியானம் அவள் வந்தாள். தம்பி முந்தின நாள் வந்து, தனக்கு உடம்பு சரியில்லை, இனிமேல் இவ்வளவு தூரம் வர முடியாது, வருவதாக இருந்தால் இப்போதே வா என்று சொல்லிவிட்டு, அவள் வீட்டிலேயே தங்கியிருந்தான். அவர் இல்லையென்று தெரிந்துவிட்டால் பூட்டிவிட்டுப் போகலாம், அதுதான் அவளுக்குத் தெரிய வேண்டியிருந்தது. அவள் தெருவில் நடந்து வருவதைப் பார்த்து ஒவ்வொரு வீடாகப் பின்னால் சேர்ந்துகொண்டது. ஆபீஸ் வாசலுக்கு அவள் வந்தபோது லைன் முழுவதும் வந்திருந்தது. அவள் தூணைப் பார்க்காமல் படியேறி உள்ளே வந்து பெஞ்சில் உட்கார்ந்தாள். சவரிராயன் புட்டியைத் திறந்து ஊற்றினான். நுரை நன்றாக எழும்பியது.

அப்போதுதான் எல்லோருக்கும் ஒன்று புரிந்தது. அவள் அவன் பெயரைச் சொல்ல வேண்டும். எங்கள் லைன்களில் அவள் வயதுப் பெண்கள் புருஷன் பெயரை வாயால் சொன்னதில்லை, ரேஷன் கடைக்காரன் கேட்டால் பக்கத்தில் நிற்பவளைச் சொல்லச் சொல்வார்கள், சாவிலும் சொல்ல மாட்டார்கள். நான் மேடைதோறும் இந்த வழக்கத்தைத் திட்டியிருக்கிறேன், என் மேடைக்குக் கீழே கைதட்டிய பெண்கள்கூட அதை விட்டதில்லை. யார் ஆரம்பித்தார்கள் என்று தெரியாது, வாசலில் நின்றவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ஆண்கள் திரும்பினார்கள், பெண்கள் திரும்பினார்கள், இடுப்பிலிருந்த குழந்தைகளின் முகத்தையும் திருப்பிவிட்டார்கள். குளிக்கிற பெண்ணின் பக்கம் பார்க்காமல் இருப்பதைப் போல, அவ்வளவு பேரும் வெயிலைப் பார்த்துக்கொண்டு முதுகு காட்டி நின்றார்கள். திரும்பாதவர்கள் இரண்டே பேர், கையில் புட்டியோடு நின்ற சவரிராயனும், அந்த வழக்கத்துக்குத் தலைவணங்குவதில்லை என்று வீம்பு பிடித்த நானும்.

அவள் குனிந்தாள். புதிதாகப் பேசக் கற்ற குழந்தையைப் போல ஒவ்வொரு எழுத்தாக, தயாளன் என்று சொன்னாள்.

நுரை நின்றது.

இன்னொரு தடவை சொன்னாள். நுரை நின்றது. மூச்சுகூட அதில் ஒரு குழி விழவைக்கவில்லை. அவள் அதைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில், அவன் கண்காணாமல் போன அத்தனை வருஷங்களும் எங்கேயோ ஒரு வீட்டில், ஒரு பாயில், ஒரு தட்டில் சோறு போட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்த வருஷங்களாக மாறிப்போவதை நான் அவள் முகத்தில் பார்த்தேன். அடிபட்டும் சாகவில்லை, புதைக்கப்படவும் இல்லை. ரயில் நிலையம் அவனுக்குத் தெரியும், ரயிலும் தினமும் இருக்கிறது. அவன் ஏறவில்லை, அவ்வளவுதான்.

அவள் முந்தானையை எடுத்துக் கிளாசை மூடினாள். வாசல் பக்கம் பார்த்து, எல்லோருக்கும் கேட்கும்படி, “வந்துச்சு” என்றாள். “பீடியும் ஈர மரமும். அவருதான்.”

வாசலில் நின்ற அவ்வளவு முதுகுகளும் ஒரே சத்தமாக அழுதன. சவரிராயன் என்னைப் பார்த்தான், நான் தரையைப் பார்த்தேன்.

அந்தச் சாவை எங்கள் லைன்கள் எடுத்ததைப் போல வேறு எந்தச் சாவையும் எடுத்ததில்லை. உடம்பு இல்லாத குறையைத் தீர்க்கப் பாடையில் அவனுடைய பழைய ஹெல்மெட்டையும் பெல்ட்டையும் வைத்தார்கள். பறை அடித்தார்கள். சுரங்கத்தின் மூடிய கேட்டுக்கு முன்னால் பாடையை இறக்கிவைத்து, மூடிய பிறகு ஒரு நாளும் யாரும் தொடாத அந்தப் பூட்டின் மேல் மாலை போட்டார்கள். பெண்கள் அவளை நடுவில் உட்காரவைத்து, மாரடித்து, வளையலை உடைத்து, பொட்டை அழித்து, தாலியை அறுத்துப் பாலில் போட்டார்கள். குடம் குடமாகத் தண்ணீர் கொண்டுவந்து தலையில் ஊற்றினார்கள், லைனில் ஒரு வீடு விடாமல் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரு குடம் வந்தது. தம்பி கோடிச் சேலை போட்டான். நான் தூணுக்கு முன்னால் நின்று பேசினேன். குரல் நடுங்கவில்லை. கல்லில் ஏறின பெயரை இறக்கும் பழக்கம் எங்களுக்கு இல்லை, இறக்கிக் கம்பெனியைச் சிரிக்கவைக்கும் உத்தேசமும் எனக்கு இல்லை. காரியம் முடிந்ததும் தம்பி மூட்டை கட்டினான். அவள் போகவில்லை. இனி என்ன அக்கா, இனி வீட்டைப் பூட்டலாமே என்றான். செத்தவர் வீட்டில் விளக்கு எரிய வேண்டும் என்று ஏதோ சொல்லி அனுப்பிவிட்டாள். லைனில் அதையும் பெருமையாகத்தான் பேசிக்கொண்டார்கள்.

கிளாசை அவள் வீட்டுக்கு எடுத்துப் போயிருந்தாள், படையலுக்கு என்று சொல்லி. சமையலறைப் பரணில், கவிழ்த்த இன்னொரு தூக்குப்பாத்திரத்துக்கு அடியில் அது இருந்தது. சில மாதம் கழித்து ஒரு நாள் கூரை ஓடு மாற்றிக் கொடுக்கப் போனபோது எனக்கு அதைத் திறந்து காட்டினாள். நுரை அப்படியே நின்றது. ஏன் என்பதை அவளாகவே சொன்னாள்.

“செத்தவன் பொண்டாட்டின்னா லைனே தண்ணி மொண்டு குடுக்கும், தோழர். உட்டுட்டுப் போனவன் பொண்டாட்டிக்கு யாரு குடுப்பாங்க? உங்க கல்லுலயும் பேரு இருக்குது. இருந்துட்டுப் போகட்டும்.”

அதற்குப் பிறகு வருஷங்கள் போயின. சவரிராயன் செத்தான். கடைசி வரை கடிகாரம் வாங்கவில்லை, அந்த மாசிக்குப் பிறகு பீரும் காய்ச்சவில்லை. ரெஜினா கல்யாணமாகித் தலைநகரிலேயே தங்கிவிட்டாள். லைன் வீடுகள் ஒவ்வொன்றாகப் பூட்டப்பட்டன. விடியற்காலை ரயிலில் போகிறவர்கள் அதிகமானார்கள், சாயங்கால ரயிலில் வருகிறவர்கள் குறைந்தார்கள். பூங்காவனம் காலையில் எழுந்ததும் முதல் வேலையாகப் பரணில் தூக்குப்பாத்திரத்தைத் தூக்கிப் பார்ப்பாள் என்பது எனக்குத் தெரியும். நின்றிருக்கும். மூடிவிட்டு அடுப்பு மூட்டுவாள். அவன் சாப்பிட்டானோ, காய்ச்சலோ, கிழடு தட்டியதோ, எதுவும் அந்த நுரையில் தெரியாது, உயிரோடு இருக்கிறான் என்பது மட்டும் தெரியும். ஊருக்கெல்லாம் தாலியறுத்தவளாகத் தெரிந்த ஒருத்தி தனக்கு மட்டும் சுமங்கலியாக அந்த வீட்டில் இருந்தாள். ஒவ்வொரு சித்திரையிலும் நான் கொடியேற்றி அவன் பெயரைச் சொன்னபோது, அவள் இப்போது கூட்டத்தின் முன்வரிசையில் வந்து நின்றாள், வர வேண்டியவள் ஆகிவிட்டாளே. நான் சொல்வதைத் தலை குனிந்து கேட்டாள். கூட்டமும் வருஷத்துக்கு வருஷம் சிறுத்து, கடைசியில் நானும் அவளும் இன்னும் ஒரு சிலரும் என்று ஆனது.

ஒரு மார்கழியில், பனி விலகி மத்தியானம் ஆகியும் குளிர் விடாத ஒரு நாள், எனக்குச் சங்கு கேட்டது. எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு, தெளிவாக, இரண்டு மணிச் சங்கு. தெருவில் இருந்தவர்களைப் பார்த்தேன், யாரும் தலை தூக்கவில்லை, நாய்கூட எழவில்லை. நான் துண்டைப் போர்த்திக்கொண்டு நாலாம் லைனின் கடைசி வீட்டுக்குப் போனேன். பூங்காவனம் வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள், மடியில் கிளாஸ் இருந்தது. நுரை இறங்கி, அடியில் கொஞ்சம் மஞ்சள் தண்ணீர்தான் இருந்தது.

“தயாளன் செத்துட்டாரு” என்றாள். பெயரை அவ்வளவு சுலபமாகச் சொன்னாள்.

நான் படியில் உட்கார்ந்தேன். சங்கு கேட்டதா என்று கேட்டாள், கேட்டது என்றேன். கிளாசை என் பக்கம் நீட்டினாள், எனக்குப் புளித்த பார்லி வாடையைத் தவிர எதுவும் வரவில்லை, அவன் என்னுடையவன் அல்ல. என்ன வந்தது என்று நான் கேட்கவில்லை, ஆனால் அவளுக்கு யாரிடமாவது சொல்ல வேண்டியிருந்தது. முதலில் பீடி வந்ததாம். பிறகு ஈர மரம், சுரங்கத்து ஈரம், அதெல்லாம் அவளுக்குத் தெரிந்ததுதான். அதற்குப் பிறகு அவளுக்குத் தெரியாதது வந்ததாம். கடல் மீன் வாடை, எங்கள் பக்கத்தில் யாரும் தலைக்குத் தேய்க்காத ஏதோ ஓர் எண்ணெய், வெயிலில் காயவைத்த பாய். எல்லாவற்றுக்கும் கடைசியில், மெலிதாக, குழந்தைகளுக்குப் பூசுகிற பவுடர்.

“பேரப்பிள்ளை தூக்கியிருப்பாரு போல” என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, “சாகறப்பத் தனியா இல்ல. அதுவரைக்கும் நல்லது” என்றாள்.

அழுவாள் என்று நினைத்தேன். அழுகைக்கு ஒரு வழி இருக்கிறது எங்கள் ஊரில், பெண்கள் சுற்றி உட்கார வேண்டும், ஒருத்தி எடுத்துக் கொடுக்க வேண்டும். உடைக்க வளையல் வேண்டும், அழிக்கப் பொட்டு வேண்டும், அறுக்கத் தாலி வேண்டும். அவள் கையைப் பார்த்தாள், வெறும் கை. நெற்றியைத் தொட்டாள். எல்லாம் அந்தப் பங்குனியிலேயே முடிந்துபோயிருந்தது. உயிரோடிருந்தவனுக்கு ஊர் எல்லாவற்றையும் செய்து தீர்த்துவிட்டது, செத்தவனுக்கு ஒன்றும் மிச்சமில்லை. யாரையாவது கூப்பிடட்டுமா என்றேன். என்ன சொல்லிக் கூப்பிடுவீர்கள் என்று கேட்டாள். வாழ்நாளெல்லாம் கூட்டம் சேர்த்தவன் நான், அன்றைக்கு ஒரு ஆளைச் சேர்க்க எனக்கு வாய் வரவில்லை.

அவள் எழுந்து கிளாசைக் கழுவிப் பரணில் கவிழ்த்தாள். பிறகு தெருவின் நடுவிலிருந்த கைப்பம்புக்குப் போய், கட்டிய சேலையோடு குழாய்க்குக் கீழே உட்கார்ந்தாள். நான் பின்னாலேயே போய்ப் பம்பை அடித்தேன். சுரங்கத்தில் ஏறி நிற்கிற தண்ணீர்தான் அந்தப் பம்பிலும் வருகிறது என்று சொல்வார்கள், இரும்பு வாடையோடு, பற்கள் கிட்டுகிற குளிரோடு அது அவள் நரைத்த தலையில் விழுந்தது. எனக்கு மூச்சு வாங்கியது, நிறுத்தவில்லை. ஒவ்வொரு வீட்டுக் குடமாக எண்ணிக்கொண்டு அடித்தேன், பூட்டிக் கிடந்த வீடுகளுக்கும் சேர்த்து.

கம்பளியைப் போர்த்திக்கொண்டு எதிர்வீட்டு வாசலுக்கு வந்த பெண், இவ்வளவு குளிரில் இதென்ன குளியல் அக்கா என்று கேட்டாள்.

பூங்காவனம் முகத்தில் வழிந்த தண்ணீரைத் துடைக்காமல் சொன்னாள்.

“புழுக்கமா இருக்குதும்மா.”